ப்ளைவுட்டில் ஆறடி மீன் தொட்டி: குறைந்த செலவில் நாமே கட்ட ஒரு முழு வழிகாட்டி

பெரிய மீன் தொட்டிக்குக் கடையில் விலை கேட்டவர்களுக்குப் பணம் எங்கே போகிறது என்று தெரியும். எல்லாம் கண்ணாடிக்குத்தான். 6 அடி நீளம், 2½ அடி அகலம், 2 அடி உயரத்தில் முழுக்கக் கண்ணாடியிலேயே ஒரு தொட்டி கட்டினால் நான்கு சுவரும் அடியும் சேர்த்து 49 சதுர அடி கண்ணாடி வேண்டும். அந்த அளவுக்கு 12 மி.மீ. கனம் வேண்டும். ஆனால் தொட்டி சுவரோரம் வந்து உட்கார்ந்த பிறகு நாம் பார்ப்பது முன்பக்கத்தை மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் அடியும் மரமாக இருந்தால் என்ன? அப்படிக் கட்டினால் தேவைப்படும் கண்ணாடி 10 சதுர அடி. ப்ளைவுட் தொட்டியின் சிக்கனம் முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

நான் இதுவரை இரண்டு கட்டியிருக்கிறேன். முதலாவது எட்டு மாதத்தில் கெட்டுப்போனது. இரண்டாவது ஐந்து வருடமாகக் கூடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் பலகை ஒன்று, அளவு ஒன்று, கண்ணாடியும் ஒன்று. வித்தியாசம் பூச்சில் இருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் ரெசின், அதாவது மரத்துக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் பிசின், பூசும் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில் எடை, அப்புறம் இடம்

மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டுத் தண்ணீர் நிரப்பினால் இந்தத் தொட்டி சுமார் 725 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டும் 725 கிலோ. ப்ளைவுட் 70, கண்ணாடி 28, மணலும் கல்லும் ஒரு 100. ஸ்டாண்டையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். இத்தனையும் 15 சதுர அடி தரையில் இறங்குகிறது. வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. நம் தொட்டி வைக்கும் சுமை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே தரைத்தளத்தில் வையுங்கள். மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால், கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பீம் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லாமல் வைக்காதீர்கள். வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். எபாக்சி ரெசின் வெயிலில் மஞ்சளாகி மாவு மாவாக உதிரத் தொடங்கும், தொட்டிக்குள் பாசியும் அடங்காது.

ஸ்டாண்டுக்கு இரண்டு வழி. வெல்டிங் பட்டறையில் 40 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் போட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி வைத்து வாங்கலாம். இன்னும் குறைவாக முடிக்க, சாலிட் பிளாக் கல்லை இரண்டடிக்கு ஒரு வரிசை என்று நான்கு வரிசை அடுக்கி மேலே கடப்பா கல் போடலாம். எந்த வழியானாலும் மேற்பரப்பில் ரசமட்டம் வைத்து நீளம், அகலம், மூலைக்கு மூலை எல்லாம் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குல தெர்மோகோல் ஒரு அடுக்கு விரித்தால் சின்னச் சின்ன மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

எந்தப் பலகை

19 மி.மீ., பி.டபிள்யூ.பி. தரம், அதாவது கொதிநீரையும் தாங்கும் ப்ளைவுட். கடையில் மரைன் ப்ளை என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 என்று அச்சிட்டிருக்க வேண்டும். இந்தத் தரத்துக்கு வைக்கும் சோதனையில் துண்டுப் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள், பசை விடக் கூடாது. அதற்குக் கீழே உள்ள பி.டபிள்யூ.ஆர்., அதாவது ஐ.எஸ். 303, சமையலறை அலமாரிக்குப் போதும். தொட்டிக்கு வேண்டாம்.

முத்திரையை மட்டும் நம்பாமல் பலகையின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். பிறகு ஒரு நாணயத்தால் பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று மாறும். திருகாணி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் பிடிப்பே இருக்காது.

8-க்கு 4 அளவில் இரண்டு பலகை போதும். வெட்டும் திட்டம் இப்படி. முதல் பலகையில் 6 அடி நீளத்தில் முன்பலகையும் பின்பலகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மிச்சமிருக்கும் 2-க்கு 4 துண்டில் ஒரு பக்கப் பலகை கிடைக்கும். இரண்டாவது பலகையில் அடிப்பலகை, 6-க்கு 2½. பக்கத்து மிச்சத்தில் இன்னொரு பக்கப் பலகை. மேலே மீதியாகும் ஆறடி நீள, ஒன்றரை அடி அகலப் பட்டையில், தொட்டியின் வாய் வளையாமல் பிடித்துக்கொள்ள நான்கு அங்குல அகலத்துக்கு இரண்டு நீளப் பட்டிகளும், ஐந்து அங்குல அகலம் 30 அங்குல நீளத்துக்கு நான்கு குறுக்குப் பட்டிகளும் எடுக்கலாம். குறுக்குப் பட்டியில் இரண்டுதான் தேவை. மற்ற இரண்டை ரெசின் பூசிப் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

ரம்பம் போகும் வழியில் மூன்று மி.மீ. தின்றுவிடும் என்பதால் சுவர்களின் உயரத்தை 24 அங்குலம் என்று வைக்காமல் 23¾ என்றே நான்குக்கும் வையுங்கள். பக்கப் பலகைகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உட்காருவதால் அவற்றின் நீளம் 28½ அங்குலம். வீட்டில் கைரம்பத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் பேனல் ரம்பம் வைத்திருக்கும் மரக்கடையில் கொடுத்து வெட்டுவது நல்லது. ஓரம் நேராக வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்பலகையில் ஜன்னல்

முன்பலகையில் இருபுறமும் 4 அங்குலம், கீழே 3, மேலே 3¾ விட்டு நடுவில் 64-க்கு 17 அங்குலம் ஜன்னல் வெட்ட வேண்டும். நான்கு மூலையிலும் முதலில் ஓர் அங்குல வட்ட ஓட்டை போட்டுவிட்டு, ஓட்டைக்கு ஓட்டை ஜிக்சாவால் அறுங்கள். மூலை வளைவாக இருந்தால் அங்கே விரிசல் பிடிக்காது. பிறகு ரெசினோடு சேர்த்து ஒட்டப்போகும் ஃபைபர் துணியும் மடங்கி உட்காரும். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஸ்டாண்டுக்குக் கதவாகும்.

ஃபில்டருக்குத் தண்ணீர் இறங்கும் ஓட்டையையும் இப்போதே போட்டுவிடுங்கள். பின்பலகையில் மேலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, ஒன்றரை அங்குல பி.வி.சி. டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயை இணைக்கும் துண்டு) நுழையும் அளவுக்கு. ரெசின் பூசிய பிறகு ஓட்டை போட்டால், பூசாத பச்சை மரம் ஓட்டைக்குள் வட்டமாகத் தெரியும். தண்ணீர் அங்கேதான் நுழையும்.

பெட்டி கட்டுவது

எட்டாம் நம்பர், 50 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகாணி நூறு வாங்குங்கள். இரும்புத் திருகாணி வேண்டாம். ஐந்து அங்குலத்துக்கு ஒன்று என்று குறித்து, முதலில் மெல்லிய பிட்டால் ஓட்டை போட்டு, தலை உட்காரும் குழியையும் வெட்டிக்கொள்ளுங்கள். ப்ளைவுட்டின் ஓரத்தில் ஓட்டை போடாமல் திருகினால் அடுக்கு பிளந்துவிடும்.

நான்கு சுவரும் அடிப்பலகையின் மேலே நிற்க வேண்டும், திருகாணி அடியிலிருந்து மேலே போக வேண்டும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மரைன் போதும். பிதுங்கி வழியும் அளவுக்குப் பசை வைத்து, உள்பக்கம் வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பசை படிந்த இடத்தில் ரெசின் மரத்துக்குள் இறங்காது. திருகாணியை முழுக்க இறுக்குவதற்கு முன் பெட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது. வரவில்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அளக்கலாம்.

மேலே அந்த நான்கு அங்குல நீளப் பட்டி இரண்டையும் முன்சுவர், பின்சுவரின் தலையில் படுக்கையாகத் திருகுங்கள். இது அழகுக்காக இல்லை. 22 அங்குலத் தண்ணீர் முன்சுவரை மொத்தமாக சுமார் 280 கிலோ விசையில் வெளியே தள்ளும். பட்டி இல்லாவிட்டால் ஆறடிச் சுவரின் நடுப்பகுதி வில்லாக வளையும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொட்டியை அகலமாக்கினால் முன்சுவர் மீதுள்ள அழுத்தம் கூடாது, உயரமாக்கினால்தான் கூடும். உயரம் இரு மடங்கானால் சுவர் தாங்க வேண்டிய மொத்த விசை நான்கு மடங்காகும். இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள், இரண்டடி உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

குறுக்குப் பட்டிகளை இப்போது திருகக் கூடாது. திருகிவிட்டால் 68 அங்குலக் கண்ணாடி உள்ளே போக வழி இருக்காது. அவற்றைத் தனியாக ரெசின் பூசி எடுத்து வையுங்கள்.

ரெசின்: தொட்டியின் ஆயுள் இங்கேதான்

மரம் பலத்துக்கு மட்டும். தண்ணீரைத் தடுப்பது அதன் மேலுள்ள பூச்சு. மரைன் ப்ளைதானே, கொஞ்சம் நனைந்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. பசை விடாதே தவிர, மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் ஊதும், ஊதினால் பூச்சு வெடிக்கும், வெடித்தால் இன்னும் குடிக்கும்.

என் முதல் தொட்டியில் நடந்தது அதுதான். உள்பரப்பு முழுக்க மூன்று கோட்டு பூசினேன். ஜன்னல் வெட்டின ஓரத்தில் மட்டும் ஒரே கோட்டு. அந்த ஓரம் எப்படியும் கண்ணாடிக்கு வெளியேதானே என்று விட்டுவிட்டேன். துடைக்கும்போது வழிகிற தண்ணீரும், கண்ணாடிக்கு அடியில் எங்கோ ஊசிமுனையளவு கசிந்த ஈரமும் அந்த ஓரத்தில் இறங்கியிருக்கின்றன. எட்டாவது மாதம் வலது கீழ் மூலையில் பெயின்ட் கொப்பளமாக எழும்பியது. கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் முக்கிய பிஸ்கட் போல உள்ளே போனது. ப்ளைவுட்டின் வெட்டுமுகம் என்பது குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி, பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். ஓரங்களுக்கு ஒரு கோட்டு கூடுதலாகவே பூச வேண்டும்.

எந்த ரெசின் என்பதில் குழப்பம் நிறைய. மீன்பிடிப் படகு கட்டும் இடங்களில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு. ஆனால் மரத்தோடு எபாக்சி பிடிக்கும் அளவுக்கு அது பிடிக்காது. மரம் சுருங்கி விரியும்போது தனி ஓடாகக் கழன்று வரலாம். மீன் தொட்டிக்குக் கரைப்பான் கலக்காத, குடிநீர்த் தொட்டிக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுக்கும் இரண்டு பாக எபாக்சி வாங்குங்கள். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்த்து 5 கிலோ இந்த அளவுக்குப் போதும்.

துணியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடையில் ஃபைபர் என்று கேட்டால் நூல்துண்டுகளை ஒட்டிச் செய்த மேட் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த மேட்டின் ஒட்டுப்பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் சரியாகக் கரையாது, விறைப்பாக நின்று மூலையில் மடங்க மறுக்கும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வேண்டும். 200 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை, போதும்.

வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். சென்னை போன்ற ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் எபாக்சி காயும்போது மேலே வழுவழுப்பாக ஒரு மெழுகுப் படலம் எழும்பும். அதன் மேலேயே அடுத்த கோட்டு பூசினால் ஒட்டாது. காய்ந்த பரப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், வழுக்கினால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வெறும் தண்ணீரும் போதும், தேய்த்துக் கழுவித் துடைத்துவிடலாம்.

இனி வரிசை.

முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் உள்பரப்பு முழுக்கத் தேய்த்துத் தூசி தட்டுங்கள். பிறகு துணி இல்லாமல் மெல்லியதாக ஒரு கோட்டு. மரம் குடிக்கிற அளவுக்குக் குடிக்கட்டும். வெட்டுமுகங்களில் அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள், காய்ந்த மாதிரி மங்கலாக இருந்தால் மறுபடி ஊட்டுங்கள்.

கலக்கும்போது ஒரு தடவைக்கு 200, 300 கிராமுக்கு மேல் வேண்டாம். தயாரிப்புக்குத் தயாரிப்பு விகிதம் மாறும். டப்பாவில் எடைக்கணக்கா அளவுக்கணக்கா என்று பார்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு இங்கே உதவாது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பு கடைசி வரை போகாது. கலக்கியதை டம்ளரிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். உடனே ஒரு தட்டையான தட்டில் ஊற்றிக்கொண்டால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

அடுத்து மூலைகள். சலித்த மரத்தூளை எபாக்சியில் கலந்து வேர்க்கடலைச் சட்னி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்மூலை எல்லாவற்றிலும் அதை வைத்து, ஒரு பெரிய கரண்டியின் பின்பக்கத்தால் இழுத்து அரை அங்குல வளைவாக்குங்கள். துணி கூர்மூலையில் உட்காராது, பின்னால் காற்று நின்றுவிடும். திருகாணித் தலைகளின் மேலும் இதையே நிரப்பலாம்.

அது முழுக்க இறுகுவதற்கு முன், நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பக்குவத்தில், துணியைப் போடலாம். ஐந்து அங்குலப் பட்டைகளை எல்லா மூலைக்கும், பிறகு அடிக்கும் சுவர்களுக்கும் முழுத் துண்டுகளை. துணி நனைந்ததும் வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆகிவிடும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று நிற்கிறது என்று அர்த்தம். பட்டித் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் துணியை உள்ளிருந்து வெளியே மடித்து வெட்டுமுகத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நான் முதல் தடவை விட்டது இதைத்தான்.

துணிக்கு மேலே இன்னும் இரண்டு கோட்டு. ஒன்றில் சாம்பல் நிறப் பிக்மென்ட், அடுத்ததில் கறுப்பு கலந்துகொள்ளுங்கள். கறுப்பில் எங்கேயாவது சாம்பல் எட்டிப்பார்த்தால் அங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். மீனின் நிறமும் கறுப்புப் பின்னணியில்தான் எடுக்கும். கடைசியாக இருட்டியதும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை ஒவ்வொன்றும் சின்ன நிழலோடு தெரியும். தெரிந்த இடத்தையெல்லாம் குறித்து, தேய்த்து, தொட்டுப் பூசுங்கள். டேங்க் நிப்பிள் ஓட்டையின் உள்சுவருக்கும் இதே பூச்சு.

கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள், தோலில் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். முடிந்ததும் ஏழு நாள் அப்படியே காய விடுங்கள். வெளிப்புறத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட்டு எபாக்சி, மேலே வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல் பெயின்ட்.

கண்ணாடி

என் தொட்டிக்குப் பலகை பூட்டிக் கொடுத்த ஆசாரி கேட்டார்: "எதுக்கு சார் கண்ணாடிய உள்பக்கமா வைக்கிறீங்க? வெளியில வச்சு பீடிங் அடிச்சா பாக்க நல்லா இருக்குமே." ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும்தான். ஆனால் வெளியே வைத்தால் 280 கிலோவும் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து பிய்க்கப் பார்க்கும், சிலிக்கான் மட்டும் தாங்க வேண்டும். உள்ளே வைத்தால் அதே தண்ணீர் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். தண்ணீர் கூடக் கூட இணைப்பு இறுகும். விளக்கிச் சொன்னதும் அவரே முன்பலகையில் கூடுதலாக நான்கு திருகாணி போட்டுக் கொடுத்தார்.

அளவு 68-க்கு 21 அங்குலம், 12 மி.மீ. சாதாரணக் கண்ணாடி. ஜன்னலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சட்டத்தின் மேல் ஏறும். டஃபண்ட், அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடி தேவையில்லை. உடைந்தால் ஒரே நொடியில் பொடியாகி மொத்தத் தண்ணீரும் கூடத்தில் நிற்கும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டு எச்சரிக்கும். ஓரங்களைக் கடையிலேயே தேய்த்து வாங்குங்கள்.

பூச்சு காய்ந்த சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பட்டையை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பின் மேல் சிலிக்கான் பிடிக்காது. பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். எந்தப் பூச்சு வேலையும் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சிலிக்கான் ஒரு தடவை பட்ட இடத்தில் எபாக்சியோ பெயின்டோ பிறகு ஒட்டவே ஒட்டாது.

சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு கலந்த பாத்ரூம் வகை வேண்டாம், மீனுக்கு விஷம். அக்வேரியத்துக்கு என்று எழுதியிருக்கும் வகை நான்கு குழாய். ஈரமாக இருக்கும்போது வினிகர் வாடை அடிக்கும்.

நான்கு பேர் சேர்ந்து தொட்டியை முன்பக்கம் கீழே இருக்கும்படிக் கவிழ்த்து, கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். ஒரு தடவை சிலிக்கான் இல்லாமலே கண்ணாடியை உள்ளே கொண்டுபோய் வைத்து எடுத்துப் பழகுங்கள். 28 கிலோ கண்ணாடி, வழியில் நீளப் பட்டி மூன்று அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். யார் எந்தப் பக்கம், யார் முதலில் இறக்குவது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சட்டத்தில் அரை அங்குலத் தடிமனில் இரண்டு வரிசை, இடைவெளி விடாமல் சுற்றி முழுக்க. சிலிக்கான் பத்து நிமிடத்துக்குள் மேல்தோல் கட்டத் தொடங்கும், ஆகவே இரண்டு பேர் இரண்டு துப்பாக்கியோடு எதிரெதிர் முனையில் தொடங்குவது நல்லது. மூலைகளில் மூன்று மி.மீ. ரப்பர் துண்டு வைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். முழுக்க அழுத்திப் பிதுக்கிவிட்டால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே மெத்தை இல்லாமல் போய்விடும். மேலிருந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பாருங்கள். சிலிக்கான் கறுப்புப் பட்டையாகத் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும், வெள்ளிக் கோடு மாதிரித் தெரிந்தால் அங்கே காற்று. இப்போதே அழுத்திச் சரிசெய்யலாம், நாளைக்கு முடியாது. கடைசியாகக் கண்ணாடியின் உள்ஓரத்தைச் சுற்றி ஒரு வரி இழுத்து ஈரவிரலால் வளைவாக்குங்கள்.

கண்ணாடிக்கு அடியிலுள்ள தடித்த சிலிக்கான் மெதுவாகத்தான் காயும். பதினான்கு நாள் தொடாதீர்கள். அதற்குப் பிறகு தொட்டியை நிமிர்த்தி, பூசி வைத்த குறுக்குப் பட்டி இரண்டையும் இரண்டடி இடைவெளியில் நீளப் பட்டிகளின் மேல் எபாக்சி வைத்துத் திருகுங்கள்.

தண்ணீர்ச் சோதனை

முடிந்தால் வாசலிலோ கார் நிறுத்தும் இடத்திலோ செய்யுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுக்க. ஒவ்வொரு நிலையிலும் முன்பக்க மேல்சட்டத்தில் ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. பரவாயில்லை. அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு மூன்றாவது குறுக்குப் பட்டியையும் சேருங்கள்.

நீர்மட்டத்தில் டேப் ஒட்டிக் குறித்து ஒரு வாரம் விடுங்கள். மட்டம் இறங்கத்தான் செய்யும். கசிவா, ஆவியாவதா என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கெட்டிலும் தண்ணீர் நிரப்பி அதே இடத்தில் வைத்து அதிலும் குறியுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கவலை வேண்டாம். தொட்டி மட்டும் வேகமாக இறங்கினால் தண்ணீரை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த மட்டத்தில் இறக்கம் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை.

ஃபில்டர்

பழைய 200 லிட்டர் நீல டிரம், முன்பு உணவுப் பொருள் வைத்திருந்தது, நன்றாகக் கழுவியது. இதைவிட மலிவான ஃபில்டர் தொட்டி எனக்குத் தெரியவில்லை. நிப்பிள் வழியாக இறங்கும் தண்ணீர் டிரம்மில் ஸ்பஞ்சு, பிறகு நறுக்கிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் வழியாகப் போய், அடியிலிருந்து பம்ப்பால் மேலே ஏறும். மணிக்கு 3,000 முதல் 3,500 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். 50 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட் ஆகும். பம்ப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவு பம்ப்பின் விலை வித்தியாசம் மின்கட்டணத்தில் போய்விடும்.

கரண்ட் போனால் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் டிரம்முக்கு இறங்கும். இரண்டு அங்குலம் இறங்கினால் 66 லிட்டர். டிரம்மில் அந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மேலே வரும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் குழாய் வழியே தானாகப் பின்னோக்கி இறங்கும் சைஃபன் அங்கேயே அறுந்துவிடும். பம்ப், விளக்கு எல்லாம் மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

மீன் விடுவதற்கு முன்பும் பின்பும்

சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு தடவை நிரப்பிக் கொட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் சேர்க்க வேண்டும். ஃபில்டரை ஓடவிட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருங்கள். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டுவந்தால் அவற்றுக்குத் தீனி. அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும் நாளில் முதல் நான்கு மீன்.

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் விரல் நீளத்தில் ரெட் டெயில் கேட்ஃபிஷ் விற்பார்கள். அழகாக இருக்கும், வாங்காதீர்கள். மூன்றடிக்கு மேல் வளரும், இந்தத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா கூட்டமாக நீந்த இந்த ஆறடி நீளம் அருமையானது. ஆனால் அது ஆறுகளில் அருகிவரும் மீன், பண்ணையில் குஞ்சு பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்கார் என்றால் ஒரு ஜோடி போதும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் பெரிதாகிவிட்டது என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே அது நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

மாதம் ஒரு தடவை, தண்ணீர் மாற்றும் நாளில், ஜன்னலின் கீழ் ஓரத்தில் வெளிப்பக்கமாகக் கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே ஓட்டுங்கள். டேங்க் நிப்பிளைச் சுற்றியும் தடவிப் பாருங்கள். எங்கேயாவது மெத்தென்று இருந்தாலோ பெயின்ட் எழும்பியிருந்தாலோ அன்றைக்கே தண்ணீரைக் குறைத்து, அந்த இடத்தைச் சுரண்டி, முழுக்கக் காயவிட்டு மறுபடி எபாக்சி பூசுங்கள். சின்னதாக இருக்கும்போது பார்த்துவிட்டால் அது ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான்.